என் பெயரில் அவர் தொடங்கிய வலைப்பூ

நான் வலைப்பூ எழுத வந்த கதையை யாராவது கேட்டால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். நானாக வரவில்லை. என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொண்டுபோய் இணையத்தில் உட்கார வைத்து, அதற்கு ஒரு கூட்டமும் சேர்ந்து, அந்தக் கூட்டம் என்னைச் ‘சகோதரி’ என்று கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும்.

தெரிந்த இடம் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம். அப்போது நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ், நேத்து உங்க ப்ளாக் படிச்சேன். அழுதுட்டேன் மிஸ்.”

“என்னது படிச்சே?”

“உங்க ப்ளாக். ஈரத் தலையணைன்னு எழுதியிருந்தீங்களே, அது. வெளிய பாத்தா இவ்ளோ ஸ்ட்ரிக்டா இருக்கீங்க. உள்ள இவ்ளோ சோகமா மிஸ்?”

என் தலையணை ஒருநாளும் ஈரமானது கிடையாது. படுத்த உடனே குறட்டை விடுகிறவள் நான். வேறு யாரோ அதே பெயரில் இருப்பார்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. சாப்பாட்டை முடிக்கக்கூட விடாமல் லேபுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். திரை முழுக்க ரோஸ் கலர். மூலையில் ஒரு முழம் மல்லிகைப்பூ. மேலே, ‘வாருங்கள் தோழமைகளே’ என்று எழுத்து இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே என் பெயர். ஊர், தாம்பரம். வேலை, கணித ஆசிரியை. பிடித்தவை: மழை, மௌனம், வீணை.

வீணையை நான் கொலுவில் பொம்மையின் மடியில் பார்த்ததோடு சரி. மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவளுக்கு மழை பிடிக்குமா? மௌனத்தைப் பற்றி என்னிடம் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் போதும். ஆனால் ஒவ்வொரு பதிவாகப் படிக்கப் படிக்க, உள்ளே இருந்த சங்கதிகள் என்னுடையவை. நான் முதன்முதலில் மறைமலை நகருக்குத் தனியாக ரயிலில் போய் வழி தெரியாமல் நின்றது அதில் இருந்தது. என் காது ஜிமிக்கி ஒன்று கல்யாண மண்டபத்தில் தொலைந்தது இருந்தது. இதெல்லாம் நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன். அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

அவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் செக்ஷனில் இருந்தார். நாங்கள் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஹாலில் வைத்து, அதற்கு நானே பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, உறையைக் கழற்றி உட்கார்ந்தார் என்றால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஒற்றை விரலால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருப்பார். ஆபீஸ் வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்து உழைக்கிறாரே என்று நான் அவருக்குத் தனியாகப் பக்கோடா வேறு போட்டுக் கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். மனுஷன் முழிப்பார் என்று பார்த்தால், முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“கண்டுபிடிச்சிட்டியா! கல்யாண நாளைக்கு சர்ப்ரைஸா காட்டலாம்னு இருந்தேம்மா.”

“என் பேர்ல நீங்க எதுக்கு எழுதறீங்க?”

“தமிழ்ல பெரிய பெரிய எழுத்தாளர்களே பொண்டாட்டி பேர்லதான் எழுதியிருக்காங்க. அது ஒரு மரியாதை. உன் பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமே.”

“அந்தப் பொண்டாட்டிங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஏதோ நான் ஜோக் சொன்ன மாதிரி சிரித்தார். எனக்கும் அந்த வழக்கம் தெரியாததல்ல. வாரப் பத்திரிகையில் ஒரு பெண் பெயரைப் பார்த்து, அடடா எவ்வளவு நன்றாக எழுதுகிறாள் என்று மெச்சி, பிறகு ஒருநாள் போட்டோவில் மீசையைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. அவர்கள் வீட்டு அம்மாக்கள் அடுப்படியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எனக்குத் தெரிந்து எந்த வீட்டுக்காரியும் புருஷன் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு அவருக்கு மரியாதை செய்ததும் இல்லை.

உண்மையான காரணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. முதலில் அவர் தன் பெயரிலேயே ஒரு வலைப்பூ தொடங்கியிருக்கிறார். பெட்ரோல் விலை, கிரிக்கெட், தாம்பரம் மேம்பாலம் என்று எழுதிப் பார்த்திருக்கிறார். ஈ, காக்காய் வரவில்லை. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று இருக்கும். அது ஏறுகிறதே என்று சந்தோஷப்பட்டால், வீட்டிலிருந்தும் ஆபீஸிலிருந்தும் அவரேதான் மாற்றி மாற்றித் திறந்து பார்த்திருக்கிறார். அப்புறம்தான் இந்த யோசனை. என் பெயரில் முதல் பதிவு போட்ட அன்றே பின்னூட்டம் குவிந்ததாம். பின்னூட்டம் என்றால் படித்தவர்கள் கீழே எழுதும் நாலு வரி. ‘முதல் வருகை, அருமை சகோதரி’ என்று ஒருவர். ‘உங்கள் எழுத்தில் ஒரு தாய்மை தெரிகிறது’ என்று இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் இவர், மீசையைத் தடவிக்கொண்டு, ‘தங்கள் வருகைக்கும் கருத்துக்கும் நன்றி சகோ’ என்று பதில் போட்டிருக்கிறார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை.

எனக்கு என்ன கோபம் என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அப்போது வரவில்லை. கல்யாணத்தில் என் இனிஷியல் மாறியது. ரேஷன் கார்டு மாறியது, ஓட்டுப் போடும் இடம் மாறியது, சாம்பாருக்கு வெல்லம் போடும் பழக்கம்கூட வந்தது. எதுவும் மாறாமல் பிறந்த ஊர் அனகாபுத்தூரிலிருந்து என்னோடு வந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார்கள். அதைக் கொண்டுபோய் மல்லிகைப்பூவுக்கும் ஈரத் தலையணைக்கும் கீழே ஒட்டிவிட்டார். மறுநாளிலிருந்து ஸ்டாஃப் ரூமில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு அடங்கியது. ஒருத்தி எனக்குத் தன் டிபனிலிருந்து கேசரி எடுத்து வைத்தாள். வேறொருத்தி, “எல்லாம் சரியாயிடும் மிஸ்” என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆண்டு விழா வரவேற்புரையை எழுதிக் கொடுக்கச் சொன்னார். “அதை நான் எழுதலைங்க, எங்க வீட்டுக்காரர் எழுதறது” என்று சொன்னால், பாவம், புருஷனுக்குப் பயந்து மறைக்கிறாள் என்று எல்லோரும் இன்னும் இரக்கமாகப் பார்த்தார்கள்.

நிறுத்துங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சரி என்றார். அவருடைய ‘சரி’யைப் பற்றி எனக்குத் தெரியும். குழாய்க்கு வாஷர் மாற்றச் சொன்னதற்கும் அதே சரிதான் சொல்லியிருந்தார். அது மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ அரைப் பரீட்சைத் தாள் கட்டுக்கட்டாகத் திருத்த இருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவர் கடைசியாக ஒன்று என்று சொல்லி, ‘மண்ணெண்ணெய் வாசம்’ என்று ஒரு பதிவைப் போட்டார். அது பிய்த்துக்கொண்டு ஓடியது. ஓடிய பெருமையில் தனக்குத் தெரிந்த எல்லா ஈமெயில் முகவரிக்கும் அனுப்பினார். அதில் என் தம்பியின் முகவரியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி பைக்கில் வந்து இறங்கினான். கல்யாணமாகாதவன், அனகாபுத்தூரில் அம்மாவோடு இருந்தான். மாடிப்படி ஏறும்போதே முகம் சரியில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டான். பல்லாவரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரின்ட் போட்டிருக்கிறான்.

“இன்னாக்கா இது? நீ எழுதிக்கீறேன்னு மாமா மெயில் அனுப்பினாரு. நான் வேற பெருமையா அம்மாவ உக்கார வெச்சு சத்தமா படிச்சுக் காட்டினேன். பாதியில அது எழுந்து போயிடுச்சு. உனக்கு ஃபோன் போட்டுகினே கீது, எப்ப பாரு எங்கேஜ்டு. ரிசீவர நீதான் எடுத்துக் கீழ வெச்சுட்டேன்னு சொல்லுது.”

ரிசீவரை யாரும் கீழே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது ஃபோன் லைனிலேயேதான் இன்டர்நெட். அவர் உட்கார்ந்து சகோதரிக்கு வந்த பின்னூட்டங்களுக்கு நன்றி சொல்லி முடிக்கும்வரை வெளியிலிருந்து யாரும் எங்களைக் கூப்பிட முடியாது. பெற்ற தாயும்தான்.

காகிதத்தைப் படித்தேன். அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன், நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று எங்கள் ஏரியாவில் ரேஷனில் கிருஷ்ணாயில் ஊற்றினார்கள். மண்ணெண்ணெய் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. விட்டால் மறுபடி அடுத்த மாதம்தான். அம்மா என்னை விடியற்காலையில் கேனோடு வரிசையில் நிறுத்திவிட்டு, அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் தான் வந்து மாற்றிவிடுவதாகச் சொல்லிப் போனாள். அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் இருந்தார். அன்று பார்த்துக் காய்ச்சலோடு வந்து விழுந்திருக்கிறார். அம்மா வருவதற்கு வெகுநேரம் ஆகிவிட்டது. நான் வரிசையிலேயே கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அவள் தலையைக் கண்டதும் கத்தினேன், புத்தகத்தை அவள் கையில் திணித்தேன், வீட்டுக்கு ஓடி யூனிபார்மை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பரீட்சை ஹால் வாசலில்தான் தெரிந்தது, ஹால் டிக்கெட் அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது என்று.

உள்ளே விடவில்லை. மணி அடித்துவிட்டது. படியில் உட்கார்ந்து கொண்டிருந்தேன். அம்மா வந்தாள். புத்தகத்திலிருந்து அது கீழே விழுந்ததும், கேனை அங்கேயே போட்டுவிட்டு, கிட்டத்தட்ட முன்னால் வந்துவிட்ட வரிசையை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு ஹால் டிக்கெட்டை நீட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். சூப்பர்வைசர் அதை வாங்கி மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். கடைசிக் கணக்கைப் போட நேரம் போதவில்லை. சென்டம் போனது. அம்மா திரும்பிப் போனபோது கிருஷ்ணாயில் தீர்ந்துபோய், எங்கள் கேன் ஓரமாகக் கிடந்திருக்கிறது. அந்த மாதம் முழுக்க மரத்தூள் அடுப்பில் சமைத்தாள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைத்தாள். அதற்கும் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

இதை நான் என் வீட்டுக்காரரிடம் முழுசாகச் சொல்லியிருந்தேன். அம்மாவோடு ஏதோ மனஸ்தாபம், அந்த எரிச்சலில் சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் முழுசாகச் சொன்னேன். அவர் எழுதியதில் வரிசை இருந்தது, கேன் இருந்தது, அழுகை இருந்தது. ‘ஒரு பெண்ணின் படிப்பைவிட ஒரு கேன் மண்ணெண்ணெய் பெரிதாகப் போனது என் அம்மாவுக்கு’ என்று இருந்தது. மார்ச் மாதத்தில் அனகாபுத்தூரில் மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஓடி வந்தது மட்டும் இல்லை. கீழே பின்னூட்டங்களையும் தம்பி விடாமல் பிரின்ட் போட்டிருந்தான். ‘இப்படியும் ஒரு தாயா?’ என்று ஒருவர். ‘இவர்களையெல்லாம் என்ன செய்வது சகோதரி?’ என்று இன்னொருவர். அதற்கு அடியில் என் பெயரில், ‘தங்கள் புரிதலுக்கு நன்றி சகோ.’

அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு நிற்க வைத்துக் கேட்டேன். “எங்கம்மா ஓடி வந்ததை எங்க?”

துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். “அதைப் போட்டா அழுத்தம் குறைஞ்சிடும்மா. படிக்கிறவனுக்கு யார் மேல கோபப்படறதுன்னு குழப்பம் வரும்.”

தம்பி அவரைப் பார்த்த பார்வைக்கு, விட்டிருந்தால் அன்று ஏதாவது நடந்திருக்கும். நான் அவனை இழுத்துக்கொண்டு பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்று சொன்னாள், ஆனால் நிமிரவில்லை. தம்பி நைசாக வெளியே நழுவினான். நான் எதிரே உட்கார்ந்து, கீரையில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு நானும் ஆய ஆரம்பித்தேன்.

“அம்மா, அது நான் எழுதினது இல்ல.”

“உன் பேரு போட்டிருந்துச்சாமே.”

“என் பேர்ல அவர் எழுதறார். எனக்கே இப்பதான் தெரியும்.”

“மாப்ளையா?” அம்மாவின் கை நின்றது. ஒரு நிமிடம் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. பிறகு மறுபடி சுருங்கியது. “அவரு இன்னா, அன்னிக்கு அங்க நின்னுகினு இருந்தாரா? அவருக்கு யார் சொன்னது?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நான்தான் சொன்னேன்.”

“அப்பறம் இன்னா,” என்றாள்.

அவ்வளவுதான். முழுசாகச் சொன்னேன், அவர்தான் பாதியை வெட்டிவிட்டார் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவேயில்லை. கீரைக் காம்புகளை முறத்தில் தள்ளிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். சோறு போட்டாள். நான் போதும் என்று சொல்லும் முன்பே போதுமா என்று கேட்டாள். என் அம்மா அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். இருபது வருஷத்துக்கு முந்தைய சங்கதி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமலேயே ஆறிக்கிடந்தது. அதை எவனோ முகம் தெரியாதவன் ‘இப்படியும் ஒரு தாயா’ என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சமாதானமாக ஒரு திட்டம் வைத்திருந்தார். ‘வாசகர்களுக்கு ஒரு விளக்கம்’ என்று ஒரு பதிவு போடுகிறாராம். அதுவும் என் பெயரில்.

“நீங்க ஒண்ணும் கிழிக்க வேணாம். பாஸ்வேர்டைச் சொல்லுங்க. நானே எழுதறேன்.”

பாஸ்வேர்டு என் பிறந்தநாள். வருஷா வருஷம் மறந்துவிட்டுச் சாயந்திரம் அசடு வழிகிறவர், அந்தத் தேதியை அங்கே மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

தலையணையும் மல்லிகைப்பூவும் வேண்டாம், என் அம்மா ஓடி வந்ததை நானே என் கையால் எழுத வேண்டும், அதை அவள் கேட்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு அப்போது முக்கியமாகத் தெரியவில்லை. ஆனால் எழுதுவது என்றால் சும்மாவா? கரும்பலகையில் ஒரு முழுத் தேற்றத்தையும் திரும்பிப் பார்க்காமல் எழுதுகிறவள், ‘நான்’ என்ற ஒரு சொல்லை அடிக்க முடியாமல் முழித்தேன். ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழாக விழுமாம். எந்த எழுத்தை அடித்தால் எது விழும் என்பது பக்கத்தில் நிற்கும் மனுஷருக்குத்தான் தெரியும், அவரிடம் கேட்க எனக்கு இஷ்டமில்லை. ‘வரிசை’ என்று அடித்து முடிப்பதற்குள் குக்கர் விசில் அடங்கிவிட்டது. ஒரு முறை பாதி எழுதி வைத்திருந்தபோது கரண்ட் போய் எல்லாம் போனது. மறுபடி முதலிலிருந்து. ஊரில் இத்தனை பேர் இதைப் பொழுதுபோக்கு என்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் வீட்டில் வேறு வேலையே இல்லையா என்று வாய்விட்டே கேட்டேன்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். “தலைப்பு கொஞ்சம் டல்லா இருக்கும்மா.” நான் ‘அன்று நடந்தது’ என்று வைத்திருந்தேன். “ஆரம்பத்துல ஒரு மழை போடேன்.” “அம்மா ஓடி வரும்போது கால் தடுக்கி விழற மாதிரி வெச்சா நல்லா இருக்கும்.”

“எங்கம்மா விழலை.”

“விழுந்ததா வெச்சா என்ன?”

கையில் கரண்டி இல்லாமல் போனது அவருடைய நல்ல நேரம்.

எழுதிப் போட்டேன். நடந்ததை நடந்தபடி, கணக்குக்கு ஸ்டெப் எழுதுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. கிருஷ்ணாயில் என்றே எழுதினேன். அவள் வரிசையை விட்டு வந்ததை எழுதினேன், நான் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பிடுங்கிக்கொண்டு ஓடியதை எழுதினேன், மரத்தூள் அடுப்பை எழுதினேன். கடைசியில், முன்பு வந்த பதிவில் என் அம்மாவைப் பற்றி இருந்தது சரியல்ல என்று ஒரு வரி. படித்துப் பார்த்தேன். அழகாக எல்லாம் இல்லை. ஆனால் தப்பும் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. அதை அவர் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்கூலிலிருந்து வந்து செருப்போடு போய் கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்த மோடம் கொரகொரவென்று கத்தி ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தேன். பின்னூட்டங்கள் வந்திருந்தன. ‘என்ன சகோதரி, வழக்கமான உங்கள் நடை இதில் இல்லையே?’ ‘உங்கள் எழுத்தில் இருக்கும் பெண்மை எங்கே போனது?’ ‘முந்தைய பதிவில் இருந்த வலி இதில் இல்லை. வீட்டில் யாரோ மிரட்டி எழுத வைத்தது போல் இருக்கிறது.’ ஒருவர் துப்பறிந்தே சொல்லிவிட்டார்: ‘மன்னிக்கவும், இதை உங்கள் கணவர் எழுதினாரா?’

எனக்கு அந்த கம்ப்யூட்டரைத் தூக்கி மாடியிலிருந்து முடிச்சூர் ரோட்டுக்குப் போட வேண்டும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று அதைப் படித்தார். சிரிக்கவில்லை, அதற்கு மட்டும் நன்றி. ஆனால் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

போகட்டும், இவர்களுக்காகவா எழுதினேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தம்பிக்கு ஃபோன் போட்டு, இன்னொன்று வந்திருக்கிறது, அதையும் பிரின்ட் எடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டு என்று சொன்னேன். அவன் முனகினான். “திரும்பவுமாக்கா?” என்றான். நீ படிடா, அப்புறம் பேசு என்றேன். அன்று முதல் இன்டர்நெட்டைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன். அவர் சகோதரிக்காகக் காத்திருக்கும் வாசகர்களை நினைத்துப் பெருமூச்சு விட்டார். விடட்டும். ஃபோன் லைன் எந்நேரமும் திறந்தே இருந்தது.

சனிக்கிழமை காலை ஃபோன் அடித்தது. அம்மாதான். குரலைக் கேட்டதுமே தெரிந்தது, கோபம் இல்லை. பழைய அம்மா.

“தம்பி படிச்சான்டி. ரெண்டு வாட்டி படிக்க சொல்லிக் கேட்டேன். பக்கத்து வூட்டு அக்காவையும் இட்டாந்து உக்கார வெச்சேன். அப்படியே அன்னிக்கு நடந்த மாதிரியே கீது.”

ம் என்றேன்.

“மாப்ள கிட்ட சொல்லு, ரொம்ப நல்லா எழுதிக்கீறாரு. தப்பு பண்ணிட்டு, உடனே திருத்திகினாரு பாரு, அதுக்குப் பெரிய மனசு வேணும்.”

“அம்மா, இது அவர் எழுதலை. நான் எழுதினேன்.”

“சும்மா இருடி. உன் பேர்ல அவரு எழுதறார்னு நீதானே வந்து சொன்னே?”

“அது அது. இது நான்தாம்மா எழுதினேன். ரெண்டு நாள் உக்காந்து, ஒவ்வொரு எழுத்தா.”

“சரி சரி. புருஷன வுட்டுக்குடுக்காம பேசற, நல்லதுதான். ஆனா எனக்குத் தெரியாதா? நீயா இருந்தா இத்தினி வருஷத்துல ஒருநாளாவது சொல்லியிருக்க மாட்டே? எம்மா, வரிசைய வுட்டு எனக்காக ஓடியாந்தியேன்னு ஒரு வார்த்த, உன் வாயில வந்துச்சா?”

வந்ததில்லை. அம்மா சொன்னது சரி. எழுதத் தெரிந்த எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு, ஸ்கூலில் முதல் நாள் பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி சொன்னேன்.

“அம்மா, அன்னிக்கு நீ வரிசையை விட்டுட்டு எனக்காக ஓடி வந்தியே, அது எனக்கு மறக்கவே இல்ல. எப்பவும் ஞாபகம் இருந்தது.”

அந்தப் பக்கம் அம்மா சந்தோஷமாகச் சிரித்தாள்.

“தெரியும்டி. அதான் மாப்ள எழுதிட்டாரே. எங்க, அவர் இருந்தா குடு. நானே ஒரு வார்த்த சொல்றேன்.”

ரிசீவரை அவரிடம் நீட்டினேன். லுங்கியைச் சரிசெய்துகொண்டு, வெட்கத்தோடு எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.